பினாங்குக்குப் போன படம்

அந்தப் படத்துக்கு இரண்டு பிரதிகள் போட்டார்கள். ஒன்று திருவாரூர் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டுக் கூடத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கியது. இன்னொன்று கப்பலேறிப் பினாங்குக்குப் போனது. ஒரே கண்ணாடித் தகட்டிலிருந்து அச்சான இரண்டும் அதற்குப் பிறகு ஓரிடத்தில் சேரவே இல்லை. அப்பா காலமான சமயத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பினாங்குப் பிரதி வந்து விழுந்தது. அதுவரை நாங்கள் யாருமே முழுப் படத்தைப் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

படம் எடுத்தது 1951-இல், நாகப்பட்டினத்தில் ஒரு ஸ்டூடியோவில். சின்னத் தாத்தாவுக்குப் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதும் வேலை அமைந்திருந்தது. கப்பல் ஏறுகிற ஊரும் நாகப்பட்டினம்தான். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் 'ராஜுலா' சென்னையிலிருந்து கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். 1926-இல் கட்டிய கப்பல். எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. ஆழம் போதாததால் கரைக்கு வராது. தள்ளிக் கடலிலேயே நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்யப் போன சமயத்திலேயே எல்லோரும் கூடப் போய் ஒரு படம் எடுத்துக்கொண்டுவிட வேண்டும் என்று கொள்ளுப்பாட்டி ஒற்றைக் காலில் நின்றாளாம். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று கொள்ளுத்தாத்தா முணுமுணுத்திருக்கிறார். "அவன் போனப்புறம் எனக்கு ஆயுசு இருந்தென்ன, இல்லாட்டி என்ன" என்று அவள் சொன்னதாகப் பாட்டி சொல்வாள். பாட்டி சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். மீதியைப் படமே சொல்கிறது.

நிழல்களைப் பார்த்தால் வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து இறங்கியிருக்கிறது. எல்லார் மூக்கின் நிழலும் ஒரே திசையில், விளிம்பு கரைந்து விழுந்திருக்கிறது. பல்பு வெளிச்சம் இப்படி விழாது. மாடியில் கூரையின் ஒரு சரிவுக்குக் கண்ணாடி பதித்து, வெயில் நேரே இறங்காதபடி வெள்ளைத் துணி இழுத்துவிட்ட பழைய பாணி ஸ்டூடியோவாக இருந்திருக்க வேண்டும். பின்னால் தொங்கும் திரையில் தூண்களும் ஒரு படிக்கட்டும் வரைந்திருக்கிறது. படிக்கட்டு முடிகிற இடத்தில் நிஜமான பாய் விரிப்பின் ஓரம் சுருண்டு கிடக்கிறது.

நாற்காலியில் கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும். பின்னால் தாத்தா, பாட்டி, சின்னத் தாத்தா. கொள்ளுப்பாட்டியின் முழங்காலை ஒட்டி நான்கு வயதுப் பையன் ஒருவன். அவன்தான் என் அப்பா. கூடத்துச் சுவரில் நாங்கள் பார்த்து வளர்ந்த படத்தில் இந்த ஆறு பேர்தான்.

இந்தப் படத்தில் யாரும் சிரிக்கவில்லை. அந்தக் காலத்து மனிதர்கள் உம்மென்று இருந்தார்கள் என்பதல்ல காரணம். அது பெட்டிக் காமிராவின் கணக்கு. முன் வரிசையில் உட்கார்ந்தவரும் பின் வரிசையில் நிற்பவரும் ஒன்றாகத் துலங்க வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தைச் சிறுக்க வேண்டும். துவாரம் சிறுத்தால் வெளிச்சம் குறையும். வெளிச்சம் குறைந்தால் தகட்டுக்கு அதிக நேரம் காட்ட வேண்டும். லென்ஸ் மூடியைக் கையால் எடுத்து, மனசுக்குள் எண்ணி, மறுபடி மூடுவதுதான் பல ஸ்டூடியோக்களில் ஷட்டர். அத்தனை நேரம் ஒரு சிரிப்பை அசையாமல் பிடித்து வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. அதனால் எல்லாரும் அவரவர் முகத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அதனாலேயே அந்த முகங்கள் இன்றைக்கும் பார்க்கப் பார்க்கத் தீராமல் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

நான்கு வயதுப் பையனால் அந்த நேரம் நிற்க முடியுமா? அவன் அசைவான் என்று கொள்ளுப்பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது. அவன் தோளில் அவள் வலது கை. ஆசையாக வைத்த கை அல்ல. விரல் நுனிகள் சட்டையைக் குழித்து அமுங்கியிருக்கின்றன. அப்படியும் அவன் தலையைத் திருப்பிவிட்டான். தோள் தெளிவாக இருக்கிறது, முகம் கலங்கியிருக்கிறது. ஒரு காது, நெற்றியின் விளிம்பு, வாய் இருக்கிற இடத்தில் ஒரு நிழல், அவ்வளவுதான். கறுப்புத் துணிக்குள் நுழைந்த ஆளின் தலை எங்கே போயிற்று என்று பார்க்கத்தான் திரும்பினேன் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பிள்ளைப் பருவத்துக்கு வேறு படம் கிடையாது.

தகட்டைக் கழுவி எடுத்த பிறகு படத்துக்கு இன்னொரு பிறவி உண்டு. நெகட்டிவ்வை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் முகங்களைத் திருத்துவார்கள். நெகட்டிவ்வில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுக்கும். சுருக்கம் மறையும், அம்மைத் தழும்பு அடங்கும். இதற்கென்றே கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். எங்கள் படத்தில் கொள்ளுத்தாத்தாவின் நெற்றி அறுபது வயதுக்காரரின் நெற்றியாக இல்லை, வழுவழுவென்று இருக்கிறது. ஆனால் தொடைமேல் வைத்த கைகளில் நரம்பு ஓடுகிறது, கட்டைவிரல் நகம் பிளந்திருக்கிறது, கணுக்களில் வெடிப்பு. முகத்துக்கு வயதைக் குறைத்த பென்சில் கைக்கு வரவில்லை. கைக்குக் காசு கொடுக்க யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். எனக்குப் பழைய படம் எது கிடைத்தாலும் முதலில் கைகளைப் பார்க்கும் பழக்கம் இதிலிருந்து வந்தது.

அளவு அரைத் தகடு, ஆறரை அங்குலத்துக்கு நாலே முக்கால். பெரிதாக்கும் வேலை இல்லை. தகட்டின் மேலேயே தாளை அழுத்தி வைத்து அச்செடுத்தார்கள். அதனால் தகட்டில் இருந்த நுணுக்கம் அத்தனையும் தாளுக்கு வந்துவிட்டது. சின்னத் தாத்தா போட்டிருக்கும் கோட்டின் பொத்தான்களில் ஒன்று வேறு இனம் என்பது ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிகிறது. கோட்டு இரவல்தான், கையின் நீளம் விரல்கணுவரை வருகிறது.

இரண்டு பிரதிகளில் ஒன்றைச் சின்னத் தாத்தா டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே வைத்து எடுத்துக்கொண்டு போனார். அதற்கு அட்டையும் இல்லை, சட்டமும் இல்லை. பெட்டியில் தட்டையாகக் கிடக்க வேண்டுமே என்று வெறும் தாளாக வாங்கிக்கொண்டிருக்கிறார். இந்தச் சின்னக் காரணத்தால்தான் அந்தப் படம் பிழைத்தது. 1953-க்குப் பிறகு மலாயாவுக்குள் புதிதாக ஆட்கள் போவது கடினமாகிவிட்டது, சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். அண்ணனை ஒருமுறை வரவழைத்துக் காட்ட வேண்டும் என்று அவர் எழுதிய கடிதங்கள் வெறும் ஆசையாகவே நின்றன. அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள். பிறகு கடிதங்கள் குறைந்து, தீபாவளி வாழ்த்தாகி, அதுவும் நின்றது.

இங்கிருந்த பிரதிக்குச் சட்டம் போட்டார்கள். எங்கள் துயரம் அங்கே தொடங்குகிறது. கடைக்காரர் கையில் இருந்த சட்டத்தின் அளவுக்குப் படத்தை வெட்டிவிட்டார். மேலே கொஞ்சம் திரை, கீழே கொஞ்சம் பாய், இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம். இடது ஓரத்தில் வெளுப்பாக ஒரு கோடு மிச்சம் நின்றது. திரையின் மடிப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சட்டம் போட்ட படம் உத்தரத்தை ஒட்டி, மேல்பக்கம் முன்னால் சாய, ஆணியில் ஏறியது. ஒரு பக்கம் முருகன், மறுபக்கம் காந்தி. சாய்ந்த படத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சிட்டுக்குருவிகளுக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். ஒவ்வொரு வருஷமும் வைக்கோலும் சணலும் படத்துக்குப் பின்னாலிருந்து தொங்கும். குஞ்சு பறக்கும்வரை படத்தைத் துடைக்கக்கூடாது என்பது பாட்டியின் உத்தரவு. சாம்பிராணிப் புகை, விறகடுப்புப் புகை, ஐப்பசி கார்த்திகையில் சுவர் குடித்த தண்ணீர் எல்லாம் அதற்குள் போயின. தாளின் மேலிருக்கும் ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. இருட்டான இடங்களில் வெள்ளி மேலே கசிந்து நீலம் பூத்து மினுங்குகிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் தாத்தாவின் தலைமயிர் கண்ணாடித் துண்டாகிவிடும்.

சுவரில் இருந்த காலத்தில் அந்தப் படம் சும்மா இருக்கவில்லை, வேறு படங்களைப் பெற்றுக்கொடுத்தது. கொள்ளுத்தாத்தா இறந்தபோது சட்டத்தைக் கழற்றி ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போனார்கள். குரூப் படத்திலிருந்து முகத்தை மட்டும் தனியே எடுத்து, பெரிதாக்கி, தோளையும் துண்டையும் தூரிகையால் வரைந்து, மாலை போட ஒரு படம் தயாரானது. கொள்ளுப்பாட்டிக்கும் அப்படியே. அநேகமாக எல்லா வீட்டிலும் இறந்தவர் படம் என்று பூச்சூடி நிற்பது இப்படி ஒரு கல்யாணப் படத்திலிருந்தோ குரூப் படத்திலிருந்தோ பெயர்த்தெடுத்த முகம்தான். கழுத்துக்குக் கீழே கொஞ்சம் உற்றுப் பார்த்தால், பக்கத்தில் நின்றவரின் தோள் அழிபட்ட தடம் தெரியும்.

அறுபதுகளில் பெரிய மாமா பரோடாவில் தயாரான அக்ஃபா 'கிளிக் த்ரீ' ஒன்றை வாங்கி வந்தார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியபின் 'இந்து' சுருள் கடைகளில் புழங்கத் தொடங்கியது. பிறகு கலர் வந்தது. எண்பதுகளில் எடுத்த எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பம் முழுக்க இன்றைக்குச் செங்காவி பூத்துக் கிடக்கிறது. மணப்பெண்ணின் பச்சைப் பட்டு எது, மாவிலை எது என்று பிரிக்க முடியவில்லை. கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளி உலோகத்தால் ஆனது. கலர்ப் படம் சாயத்தால் ஆனது. மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. நீலமும் பச்சையும் சேர்ந்த சாயம் முதலில் கைவிட்டால் மிச்சமிருப்பது சிவப்புதான். இந்த ஆல்பத்தைவிட முப்பது வருஷம் மூத்த நாகப்பட்டினத்துப் படம், கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட நிலையிலும், பொத்தானைக் காட்டுகிறது.

தகடு என்ன ஆயிற்று என்று தேடிப் பார்த்தேன். அந்த ஸ்டூடியோ இருந்த மாடியில் இப்போது வேறு கடை. பல ஊர்களில் கண்ணாடித் தகடுகளை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி, வெறும் கண்ணாடியாக விற்றிருக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் முகம் கழுவப்பட்டு, இன்னொரு வீட்டுப் படத்துக்கு மூடியாகியிருக்கலாம். தப்பியவற்றைக் காப்பாற்றப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் தேடிச் சேர்த்து மின்பிரதி எடுத்திருக்கிறார்கள். அது பெரிய காரியம். பின்னல் முழுக்கப் பூத்தைத்து, அது தெரியும்படி ஆளுயரக் கண்ணாடி முன் நிறுத்தி எடுத்த பெண்கள், கைக்கடிகாரம் தெரிய முழங்கையை மேசையில் ஊன்றிய மாப்பிள்ளைகள் என்று நம் பாட்டன் பாட்டிமார் தம்மை எப்படிப் பார்க்க விரும்பினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் ஸ்டூடியோவிலேயே தங்கிவிட்ட தகட்டில் ஆள் யார் என்று எழுதியிருப்பது அரிது. எங்கள் தகடு அங்கே போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

அப்பாவின் காரியத்துக்கு வர முடியாதவர்களுக்கு விவரம் சொல்லத்தான் அந்த வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினோம். சின்னத் தாத்தாவின் பேத்தி பினாங்கிலிருந்து ஒரு படத்தைப் போட்டாள். "அண்ணா, எங்க தாத்தா பெட்டியில இருந்துச்சு. பெரியப்பா சின்னப் புள்ளையா இருக்காங்க பாருங்க." ட்யூப்லைட் வெளிச்சம் படத்தின் நடுவில் பளபளத்தது. செயலி அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடுவதால் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்திருந்தன. ஆனாலும் படம் அகலமாக இருந்தது. நாங்கள் அறிந்த படத்தைவிட அகலம்.

இடது ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். திரையின் மடிப்பு என்று நாங்கள் நினைத்த வெள்ளைக் கோடு அவளுடைய புடவையின் விளிம்பு.

அத்தைப் பாட்டி. தாத்தாவின் அக்கா. பதினைந்து வயதில் தாலியறுத்து அம்மா வீட்டுக்கே திரும்பி வந்து, கடைசிவரை சமையற்கட்டில் இருந்தவள். அப்பாவை வளர்த்தவள் அவள்தான். நான் பிறக்கும் முன்பே போய்விட்டாள். அவளுக்குப் படமே இல்லை என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதில் வியப்பில்லை. படத்தோடு கூடிய வாக்காளர் அட்டை வந்ததே 1993-இல்தான். அதற்கு முன் ஒரு கிராமத்து விதவை படமே இல்லாமல் பிறந்து வாழ்ந்து போவது சாதாரணம். சுபகாரியப் படங்களில் அவளை நிற்க விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தம்பி கடல் தாண்டிப் போகிறான் என்று எடுத்த படத்தில் நின்றிருக்கிறாள். மற்றவர்களிலிருந்து ஒரு முழம் தள்ளி, கைகளைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு. எல்லாரும் லென்ஸைப் பார்க்க அவள் மட்டும் பையனைப் பார்க்கிறாள்.

சட்டக் கடைக்காரர் அளவுக்காக வெட்டினாரா, யாராவது சொல்லி வெட்டினாரா என்று எங்கள் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாகத்தான் வெட்டியிருக்கிறது. அதனால் அளவுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. தெரிந்தே கடையில் கொடுத்திருப்பார்கள், வெட்டுப்படுவது யார் என்று பார்த்தும் வாங்கி வந்திருப்பார்கள் என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாட்டிக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஒரு நாளும் சொல்லவில்லை.

ஒரு படம் ஏன் மனசில் நிற்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்தது இந்தப் படத்தை வைத்துத்தான். போட்டோக்காரர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். பெரியவர்கள் நடுவில், தலைகள் இரண்டு பக்கமும் சரிய, காமிராவை உட்கார்ந்தவர்களின் கண்மட்டத்துக்கு இறக்கி, யாரையும் அண்ணாந்தோ குனிந்தோ பார்க்காதபடி வைத்திருக்கிறார். அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் மீதி எதுவும் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவர் கைக்கு அடங்காமல் போனவற்றை: சட்டையில் அமுங்கிய விரல்கள், இரவல் கோட்டின் கை, ஒரு முழ இடைவெளி, திரும்பிய தலை, அந்தத் தலையைத் தொடரும் ஒரு பார்வை. கொள்ளுப்பாட்டி கையால் பிடித்த பிள்ளையை அத்தைப் பாட்டி கண்ணால் பிடித்திருக்கிறாள். வெட்டிய படத்தில் அப்பா எதையோ பார்த்துத் திரும்பியவர். முழுப் படத்தில் அவர் திரும்பியிருப்பது அவள் நிற்கும் பக்கம். கறுப்புத் துணிக்குள் போன தலையைப் பார்க்கத்தான் திரும்பினேன் என்று அவர் சொன்னது நிஜமாகவும் இருக்கலாம். காமிரா நேரெதிரே இருந்தது. அதைப் பார்க்க இடப்பக்கம் திரும்ப வேண்டியதில்லை. ஒரு அடி தாள் வெட்டுப்பட்டிருந்தால் போகட்டும், வெட்டுப்பட்டது அரை அங்குலத்துக்கும் குறைவு. அதில் இவ்வளவு இருந்தது.

படங்களைப் பகிர்வதை இப்போதெல்லாம் பலர் குறையாகப் பேசுகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. கணினிக்குள் முதன்முதலில் ஸ்கேன் ஆகி நுழைந்த படமே ஒரு குழந்தைப் படம்தான். 1957-இல் அமெரிக்கத் தரநிர்ணய நிலையத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் தன் மூன்று மாத மகன் வால்டனின் படத்தை உருளையில் சுற்றிச் சுழலவிட்டுக் கணினிக்குக் காட்டினார். பக்கத்துக்கு 176 புள்ளி, மொத்தம் 30,976. முகம் தெரிகிறது, கண் தெரிகிறது, குழந்தை என்று தெரிகிறது. 1997 ஜூன் 11 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில், மனைவி பிரசவ அறையில் இருக்க, பிலிப் கான் ஒரு டிஜிட்டல் காமிராவையும் செல்போனையும் மடிக்கணினியையும் கம்பியால் பிணைத்து, பிறந்த மகளின் படத்தைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். போனிலிருந்து உடனுக்குடன் பலருக்குப் போன முதல் படம் அது என்கிறார்கள். பிள்ளை முகத்தைத் தூரத்தில் இருப்பவர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற தவிப்பு கொள்ளுப்பாட்டிக்கும் இருந்தது, கானுக்கும் இருந்தது.

பகிர்வதில் கவனம் வேண்டும், அவ்வளவுதான். பினாங்குப் பேத்தியிடம் படத்தை ஸ்கேன் செய்யச் சொன்னேன். கண்ணாடித் தட்டைத் துடைத்துவிட்டு, அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து எடுத்து, படமாக அனுப்பாமல் டாகுமெண்டாக அனுப்பினாள். ஆறரைக்கு நாலே முக்கால் அங்குலம் இந்தக் கணக்கில் 3,900-க்கு 2,850 புள்ளி, ஒரு கோடியே பதினோரு லட்சம். அத்தைப் பாட்டியின் காதில் தோடு இருந்த ஓட்டை தெரிந்தது.

அக்கா மகன் அன்றிரவே அதை ஒரு செயலியில் கொடுத்துக் கலர் போட்டுக் குழுவில் அனுப்பினான். எல்லாரும் கைதட்டும் பொம்மைகளை வரிசையாகப் போட்டார்கள். எனக்குப் பார்க்கப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது. அப்பாவின் கலங்கிய முகம் போய், இரண்டு கண்ணும் மூக்கும் திருத்தமான ஒரு பையன் வந்திருந்தான். அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை. கொள்ளுப்பாட்டியின் நெற்றிப் பொட்டு கறுப்பாகவே நின்றது. அத்தைப் பாட்டியின் புடவை இளம் ரோஜா நிறத்தில் இருந்தது. அன்றைக்குப் பல ஸ்டூடியோக்கள் வாங்கிய தகடு 'ஆர்த்தோ' வகை. நீலமும் பச்சையும் அதற்குத் தெரியும், சிவப்பு தெரியாது. இருட்டறையில் சிவப்பு விளக்கை ஏற்றிக்கொண்டு வேலை செய்ய முடிந்தது அதனால்தான். குங்குமமும் அரக்குப் புடவையும் மையாகக் கறுத்து விழும். வெளிர் நீலம் வெள்ளையாகிவிடும். மாநிறம் இன்னும் கறுக்கும் என்றுதான் முகத்தில் பவுடர் அப்பி உட்கார வைத்தார்கள். தகட்டில் பதியவே பதியாத நிறத்தை எந்தச் செயலியும் கண்டுபிடிக்க முடியாது. அது ஊகிக்கிறது. பையனிடம் கோபித்துக்கொள்ளவில்லை, பிரியத்தோடுதான் செய்தான். ஆனால் மூலப்படம் போகிற இடத்துக்கெல்லாம் இதை அனுப்பாதே என்று கேட்டுக்கொண்டேன். பத்து வருஷம் கழித்து எது எது என்று தெரியாமல் போய்விடும். அழித்துவிட்டான்.

பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொன்னேன். வெறும் தாளாகப் பெட்டியில் கிடந்ததால் அதில் எழுத முடிந்திருக்கிறது. சின்னத் தாத்தாவின் கணக்குப்பிள்ளைக் கையெழுத்து, பென்சிலில்: அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அக்கா, பயல், நான். பெயர் ஒன்றுகூட இல்லை. பினாங்கு அறையில் தனியாக உட்கார்ந்து எழுதியவருக்குப் பெயர் தேவைப்படவில்லை. இதைப் பார்த்து அவருடைய பேரப்பிள்ளைகளால் யார் யார் என்று சொல்ல முடியவில்லை. நாங்கள் ஒவ்வொருவருக்கும் பெயரும் ஊரும் பிறந்த வருஷமும் எழுதி அனுப்பினோம். அவள் அதைத் தாளில் அடித்து, பென்சில் எழுத்தின் மேல் எதுவும் படாமல், படத்தோடு ஒரே உறையில் வைத்திருக்கிறாள். எங்கள் பிரதியைக் கண்ணாடியிலிருந்து பெயர்க்க யாரையும் விடவில்லை. இழுத்தால் ஜெலட்டின் கண்ணாடியோடு போய்விடும். அது கண்ணாடியோடேயே இருக்கட்டும் என்று, இருந்தபடியே ஸ்கேன் செய்தோம். பினாங்குப் பிரதியிலிருந்து முழுப் படத்தை ஒரு புள்ளியிலும் கோட்டிலும் கை வைக்காமல் அச்சடித்து, இந்த முறை படத்தின் அளவுக்குச் சட்டம் செய்யச் சொன்னோம். கூடத்தில் இப்போது அதுதான் இருக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. படத்தில் இருப்பவர்கள் எட்டுப் பேர். பின்னால் எழுதியிருப்பது ஏழு. வலது ஓரத்தில், சின்னத் தாத்தாவுக்கு அந்தப் பக்கம், எங்கள் பிரதியில் முற்றாக வெட்டுப்பட்ட இடத்தில், இருபது வயது மதிக்கத்தக்க ஒருவன் பாதி உடல் தெரிய நிற்கிறான். சட்டை கசங்கியிருக்கிறது, காலில் செருப்பு இல்லை. கூடக் கப்பலேறிய சிநேகிதன் என்கிறார்கள் பினாங்கில். ஊரிலிருந்து ஸ்டேஷனுக்கு வண்டி ஓட்டி வந்த பையன் என்கிறார் பெரிய மாமா. திரையைப் பிடித்துக்கொண்டிருந்த ஸ்டூடியோ ஆள் தெரியாமல் விழுந்துவிட்டான் என்பது அக்கா மகனின் கட்சி. ஆனால் அவன் நேராக லென்ஸைப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, படத்துக்காகவே நிற்கிறான்.

அந்தக் காலத்து ஆட்களில் மிச்சம் இருப்பது மன்னார்குடியில் கொள்ளுப்பாட்டியின் தம்பி மகள் ஒருவர்தான். 1951-இல் விவரம் தெரிந்த பெண். தை மாதம் தங்கை அவரைப் பார்க்கப் போகிறாள். போனில் காட்டினால் அவருக்குக் கண் தெரியாது என்பதால், வலது ஓரத்தை மட்டும் ஒரு முழத் தாளில் பெரிதாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். அத்தைப் பாட்டி இருக்கும் முழுப் படமும் ஒன்று, அவருக்கென்று தனியாக.